சைகையில் வேதம்: காது கேளாதோர் ஊழியத்தை எப்படிப் புரிந்துகொள்வது?

ஆராதனை ஒளிபரப்பில் பிரசங்கியாருக்குப் பக்கத்தில் ஒருவர் நின்று கைகளை அசைத்துக்கொண்டிருப்பார். சென்னையில் இந்தக் காட்சி இப்போது புதிதல்ல. அதைப் பார்ப்பவர்கள் இரண்டு விதமாகப் பேசுகிறார்கள். "எவ்வளவு நல்ல சேவை" என்பது ஒன்று. "வாய் பேச முடியாதவர்களையும் மதம் மாற்றாமல் விட்டுவைக்கவில்லை பாருங்கள்" என்பது மற்றொன்று. பாராட்டுபவருக்கும் குறை சொல்பவருக்கும் ஒரு விஷயத்தில் கருத்து வேறுபாடே இல்லை. காது கேளாதவர் கொடுப்பதை வாங்கிக்கொள்பவர், தானாக எதையும் யோசித்து முடிவெடுக்கத் தெரியாதவர் என்பதே அது. அந்த எண்ணம் எங்கே பிசகுகிறது என்று பார்க்க, சைகை மொழியிலிருந்தே தொடங்க வேண்டும்.

சைகை மொழி: சில அடிப்படைகள்

1. இந்திய சைகை மொழி தமிழின் நிழல் அல்ல. அதற்கென்று சொற்களும் இலக்கணமும் உண்டு. "நீ எப்போது ஊருக்குப் போகிறாய்?" என்ற கேள்வி அதில் "நீ, ஊர், போ, எப்போது" என்ற வரிசையில் வரும். புருவத்தை உயர்த்துவதும் தலையை அசைப்பதும் உணர்ச்சியைக் காட்ட மட்டுமல்ல. அவையும் இலக்கணம்தான். ஒரு வாக்கியம் கேள்வியா மறுப்பா என்பதை முகமே சொல்லிவிடும். சைகை மொழிகள் முழுமையான மொழிகளே என்பதை அமெரிக்க மொழியியலாளர் வில்லியம் ஸ்டோக்கோ 1960இல் எழுதிக் காட்டினார். இந்திய அரசு இதற்கெனத் தனி ஆய்வு, பயிற்சி மையம் ஒன்றை டெல்லியில் அமைத்தது 2015இல்தான். அந்த மையத்தின் அகராதி 2021இல் 10,000 சொற்களைத் தொட்டது.

2. இந்த மொழி பெரும்பாலும் தாயிடமிருந்து வருவதில்லை. காது கேளாத குழந்தைகளில் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல் காது கேட்கும் பெற்றோருக்குப் பிறப்பவர்கள் என்று அமெரிக்கத் தரவுகள் காட்டுகின்றன. அம்மாவுக்குச் சைகை தெரியாது, அப்பாவுக்கும் தெரியாது. வீட்டில் "சாப்பிடு", "தூங்கு", "வா" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். குழந்தை மொழியைக் கற்பது பள்ளியில், அதிலும் விடுதியில், மூத்த மாணவர்களைப் பார்த்துத்தான்.

3. எழுத்துத் தமிழ் இவர்களில் பலருக்கு இரண்டாம் மொழி. ஒலியைக் கேட்காமல் வேற்றுமை உருபுகளையும் வினைமுற்றுகளையும் கண்ணால் மட்டுமே கற்க வேண்டும். "ஒரு பைபிளை வாங்கிக் கொடுத்தால் போதாதா?" என்ற கேள்விக்குப் பதில் இதில் இருக்கிறது. பழைய வேதாகமத் தமிழ் காது கேட்பவர்களுக்கே கரடுமுரடானது.

4. உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வார்கள் என்பது பாதி உண்மைகூட இல்லை. கண்ணாடி முன் நின்று சத்தமில்லாமல் "பாடு" என்றும் "மாடு" என்றும் சொல்லிப் பாருங்கள். உதடு இரண்டுக்கும் ஒரே மாதிரிதான் அசையும். பிரசங்கியார் மைக்கை வாயோடு ஒட்டிப் பிடித்துவிட்டால் அதுவும் தெரியாது.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் செவித்திறன் குறைபாடு உள்ளவர்கள் சுமார் 50 லட்சம் பேர். எல்லோரும் சைகை மொழிக்காரர்கள் அல்ல. வயதாகிக் காது மந்தமானவர்களும் அந்தக் கணக்கில் உண்டு. சைகை வழி ஊழியம் தேடிப் போவது, சைகையிலேயே வளர்ந்த சமூகத்தை.

பாரிஸ், மிலான், பாளையங்கோட்டை, சாந்தோம்

"விசுவாசம் கேள்வியினாலே வரும்" என்கிறது ரோமர் 10:17. அப்படியானால் காதே கேளாதவருக்கு விசுவாசம் எந்த வழியாக வரும்? திருச்சபை இந்தக் கேள்வியோடு பல நூற்றாண்டுகள் மல்லுக்கட்டியது. பதினெட்டாம் நூற்றாண்டில் பாரிஸ் நகரப் பாதிரியார் ஷார்ல் மிஷேல் தெ லெப்பே, காது கேளாத இரண்டு சகோதரிகளுக்கு ஞானோபதேசம் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்றுதான் வேலையைத் தொடங்கினார். அவர்கள் ஏற்கெனவே பயன்படுத்திய சைகைகளையே கற்பிக்கும் வழியாக எடுத்துக்கொண்டார். அதிலிருந்து 1760களில் ஒரு இலவசப் பள்ளி உருவானது.

சைகைக்குக் கதவைத் திறந்தது ஒரு பாதிரியார் என்றால், அதை அடைத்த மாநாட்டின் தலைவரும் ஒரு பாதிரியார்தான். 1880இல் மிலான் நகரில் கூடிய கல்வியாளர்கள், காது கேளாத பிள்ளைகளுக்கு வாய்மொழி முறையே, அதாவது சைகையை விட்டுவிட்டுப் பேச்சையும் உதட்டசைவையும் கொண்டு கற்பிப்பதே, உகந்தது என்று தீர்மானம் போட்டார்கள். அதற்குத் தலைமை வகித்தவர் ஜூலியோ தர்ரா. வாக்களித்தவர்களில் கிட்டத்தட்ட எல்லோருமே காது கேட்பவர்கள். அதே வரிசையில் வந்த பிந்தைய மாநாடு ஒன்று அந்தத் தீர்மானத்தை நிராகரித்து வருத்தம் தெரிவித்தது 2010இல், கனடாவின் வான்கூவரில். நடுவே 130 ஆண்டுகள்.

இந்தியாவில் காது கேளாதோர் கல்வி தொடங்கியது அந்த மிலான் காற்று வீசிக்கொண்டிருந்த நேரத்தில். 1880களில் பம்பாயில் கத்தோலிக்க ஆயர் லியோ மூரின் ஒரு பள்ளியை ஏற்படுத்தினார். 1890களில் பாளையங்கோட்டையில் ஆங்கிலிக்கன் மிஷனரி ஃபிளாரன்ஸ் ஸ்வெயின்சன் தொடங்கிய பள்ளி இன்றும் அவர் பெயரில் நடக்கிறது. சென்னையில் சாந்தோமில் சி.எஸ்.ஐ. பள்ளி, அடையாறில் மாண்ட்ஃபோர்ட் சகோதரர்கள் நடத்தும் செயின்ட் லூயிஸ் நிறுவனம், லிட்டில் ஃபிளவர் கான்வென்ட் பள்ளி என்று கிறிஸ்தவ நிறுவனங்களின் பட்டியல் நீளம். திருச்சபைக்கு வெளியேயும் பள்ளிகள் உண்டு. வாய்மொழிப் பயிற்சியில் பெயர் பெற்ற பாலவித்யாலயா அதில் ஒன்று.

எல்லாப் பள்ளிகளும் ஒரே மாதிரி இருந்ததில்லை. ஆனால் நாடெங்கும் வகுப்பறையின் பொதுப்போக்கு வாய்மொழிப் பக்கமே சாய்ந்திருந்தது. பகலில் உச்சரிப்புப் பயிற்சி, மணியடித்த பிறகு விடுதி வராந்தாவில் சைகை அரட்டை. மொழியைக் கற்றுக்கொடுக்க வேண்டும் என்று யாரும் திட்டமிடவில்லை. பிள்ளைகளை ஒரே கூரையின் கீழ் சேர்த்து வைத்ததில் மொழி தானாகத் தழைத்தது. சென்னையின் மூத்த காது கேளாதோர் பலருக்கு நட்பும் கல்யாணப் பேச்சும் சங்க வேலையும் பள்ளித் தொடர்பில் கிளைத்தவை. இன்று சைகையில் நடக்கும் ஆராதனைகளுக்கும் பெரும்பாலும் அந்தத் தொடர்புதான் வேர்.

இன்று இரண்டு வடிவங்கள்

முதல் வடிவம் மொழிபெயர்ப்பு ஆராதனை. காது கேட்பவர்களின் வழக்கமான ஆராதனையில், முன்வரிசையில் ஒரு பக்கம் காது கேளாதோருக்கு இடம் ஒதுக்கப்படும். அவர்களைப் பார்த்தபடி ஒருவர் சைகையில் சொல்லிக்கொண்டிருப்பார். பெரும்பாலும் காது கேளாத பெற்றோரின் பிள்ளையோ, சிறப்புப் பள்ளி ஆசிரியரோ அந்த வேலையைச் செய்வார். பிரசங்கம் ஒரு மணி நேரம் ஓடினால் மாற்றுவதற்கு இன்னொரு ஆள் பெரும்பாலும் இருக்காது. இருபது நிமிடத்துக்கு மேல் ஒரே ஆள் தொடர்ந்து மொழிபெயர்த்தால் தரம் இறங்கும் என்று இந்தத் தொழிலில் இருப்பவர்கள் எல்லோருக்கும் தெரியும். சபைக் கமிட்டிக்குத்தான் தெரிவதில்லை.

இரண்டாவது வடிவம், காது கேளாதவரே நடத்தும் கூடுகை. பார்ப்பதற்கே வேறு மாதிரி இருக்கும். நாற்காலிகள் வரிசையாக இல்லாமல் அரைவட்டமாகப் போடப்பட்டிருக்கும், ஒருவர் கையை மற்றவர் பார்க்க வேண்டும் அல்லவா? தூணுக்குப் பின்னால் யாரும் உட்கார மாட்டார்கள். பேசுபவர் ஜன்னலுக்கு முதுகு காட்டி நிற்க மாட்டார், எதிர்வெளிச்சத்தில் முகம் இருண்டுவிடும். கவனத்தைத் திருப்ப மின்விளக்கை ஒருமுறை அணைத்துப் போடுவார்கள். கைதட்டலுக்குப் பதில் இரு கைகளையும் மேலே தூக்கி அசைப்பார்கள். முக்கியமாக, ஜெபிக்கும்போது யாரும் கண்ணை மூட மாட்டார்கள். ஜெபத்தை நடத்துபவரின் கையைப் பார்த்தால்தானே ஆமென் சொல்ல முடியும்? "கண்களை மூடி ஜெபிப்போம்" என்று போதகர் சொல்லும் முதல் வடிவத்தில் அந்த நேரத்துக்கு இவர்கள் வெளியே தள்ளப்பட்டவர்கள்.

பாட்டில் வித்தியாசம் இன்னும் துலக்கமாகத் தெரியும். மொழிபெயர்ப்பு ஆராதனையில் பாமாலையின் ஒவ்வொரு சொல்லும் கைக்கு மாற்றப்படும். சந்தம் காதுக்கானது என்பதால் அது கையில் வெறும் சொற்களின் அடுக்காக நிற்கும். காது கேளாதவர் நடத்தும் கூடுகையில் பாடலே வேறு. ஒரே கைவடிவம் திரும்பத் திரும்ப வரும், அசைவு விரிந்து சுருங்கும், எல்லோரும் சேர்ந்து ஒரே தாளத்தில் செய்வார்கள்.

முதல் வடிவத்தை ஏற்பாடு செய்வது எளிது, ஒளிபரப்பில் பார்க்கவும் அழகு. இரண்டாவதில் கேள்வி கேட்க முடியும், மறுத்துப் பேச முடியும், அடுத்த வாரம் நீ பேசு என்று ஒருவரைக் கூப்பிட முடியும். நிறைய சபைகள் முதலாவதோடு நின்றுவிடுகின்றன. மேடை ஓரத்தில் ஒரு மொழிபெயர்ப்பாளரை நிறுத்துவதோடு கடமை முடிந்தது என்று எண்ணுவது சோம்பல்தான்.

வீடியோவில் ஒரு வேதாகமம்

சைகை மொழிக்குப் புழக்கத்தில் உள்ள எழுத்து வடிவம் இல்லாததால் அதன் வேதாகமம் வீடியோவாகத்தான் இருக்க முடியும். அமெரிக்க சைகை மொழியில் டெஃப் மிஷன்ஸ் என்ற அமைப்பு 1981இல் தொடங்கிய முழு வேதாகமப் பணி 2020இல்தான் முடிந்தது. யெகோவாவின் சாட்சிகளும் அதே ஆண்டு தங்கள் பதிப்பை அதே மொழியில் முடித்தார்கள். இந்திய சைகை மொழியிலும் வேதாகமப் பகுதிகள் வீடியோக்களாக வருகின்றன. ரோமர் வசனத்தையே பெயராக வைத்துக்கொண்ட ஃபெய்த் கம்ஸ் பை ஹியரிங் என்ற அமைப்புதான் காது கேளாதோருக்கான வேதாகமச் செயலி ஒன்றைத் தொடங்கியது என்பது ஒரு வேடிக்கை.

ஏன் இவ்வளவு காலம் பிடிக்கிறது? மாற்கு இரண்டாம் அதிகாரத்தில் வாத நோயாளியைக் கூரை வழியாக இறக்கும் சம்பவத்தை எடுத்துக்கொள்வோம். எழுத்தில் "கூரையைப் பிரித்து" என்று போட்டுவிட்டு நகர்ந்துவிடலாம். சைகையில் அப்படித் தப்பிக்க முடியாது. கூரை ஓலைச் சரிவா, தட்டையான மண் தளமா என்பதைக் கைவடிவம் காட்டியாக வேண்டும். நான்கு பேரும் எந்தப் பக்கமாக ஏறினார்கள், படுக்கை எப்படி இறங்கியது, கீழே இயேசு எந்தத் திசையில் இருந்தார் என்று எல்லாவற்றுக்கும் கைக்கு முன்னால் உள்ள வெற்றிடத்தில் ஓர் இடம் குறித்துக்கொண்டு, கதை முடியும்வரை அதை மாற்றாமல் வைத்திருக்க வேண்டும். முதல் நூற்றாண்டுப் பாலஸ்தீன வீட்டுக் கூரை தட்டையானது என்று தெரியாமல் சென்னைக்காரர் தென்னங்கீற்றைப் பிரித்துக் காட்டிவிட்டால் கதையே இடம் மாறிவிடும்.

வேலை நடக்கும் விதம் ஏறக்குறைய இப்படி:

1. காது கேளாத மொழிபெயர்ப்பாளர்கள் பகுதியைக் கற்று, காட்சிகளைப் படமாக வரைந்து கோர்க்கிறார்கள்.
2. கேமரா முன் வரைவுப் பதிவு செய்கிறார்கள்.
3. அந்தப் பகுதியை முன்பின் அறியாத காது கேளாதவர்களுக்குப் போட்டுக் காட்டி, என்ன புரிந்தது என்று கேட்கிறார்கள். பல ஊர்க்காரர்களிடம் கேட்பது அவசியம், ஏனென்றால் சொற்கள் ஊருக்கு ஊர் மாறும்.
4. சைகையைப் பார்த்து இன்னொருவர் பேச்சு மொழியில் திருப்பிச் சொல்ல, மூல மொழி அறிந்த ஆலோசகர் அதை ஒப்பிடுகிறார்.
5. பிழை இருந்தால் திருத்தி, மீண்டும் படப்பிடிப்பு. ஒரு சொல்லை மட்டும் அடித்துத் திருத்தும் வசதி இங்கே இல்லை.

இந்தப் பணி நடக்கும் இடங்களில் காது கேளாதவர் சம்பளம் வாங்கும் மொழிபெயர்ப்பாளராக, பதிப்பாசிரியராக உட்கார்ந்திருக்கிறார். ஊழியம் என்ற சொல்லைக் கேட்டதும் மனதில் வரும் படத்தோடு இது ஒத்துப்போகாது.

கத்தோலிக்கரிடம் ஒரு தனிச் சிக்கல்

குருவிடம் பாவங்களை அறிக்கையிட்டு மன்னிப்புப் பெறும் ஒப்புரவு அருட்சாதனம் ரகசியமானது. குருவானவருக்குச் சைகை தெரியாவிட்டால் என்ன செய்வது? மொழிபெயர்ப்பாளர் வழியாகப் பாவங்களை அறிக்கையிடத் திருச்சபைச் சட்டம் 990 அனுமதிக்கிறது. அந்த மொழிபெயர்ப்பாளரும் ரகசியம் காக்கக் கட்டுப்பட்டவர் என்கிறது 983. சட்டம் சரிதான். ஆனால் மொழிபெயர்க்க வருபவர் பக்கத்துத் தெருக்காரராகவும் இருந்தால், எல்லாவற்றையும் மனம்விட்டுச் சொல்ல யாருக்கு வரும்? சைகை தெரிந்த குருக்கள் தேவைப்படுவது இதனால்தான். ஆசியாவின் முதல் காது கேளாத குருவானவர் என்று அறியப்படும் பார்க் மின் சோ தென்கொரியாவில் 2007இல் அருட்பொழிவு பெற்றார். இந்தியாவில் அந்த இடத்துக்கு வந்தவர் திருச்சிலுவை சபையின் ஜோசப் தேர்மடம். 2024 மே மாதம் திருச்சூரில் அவருக்கு அருட்பொழிவு நடந்தது.

மேடைக்கு அழைக்கப்படுபவர்கள்

இதே கிறிஸ்தவ உலகத்தின் இன்னொரு மூலையில், சுகமளிக்கும் கூட்டங்களில், காது கேளாதவர் குணமாக்கிக் காட்டப்பட வேண்டியவராக மேடையேற்றப்படுகிறார். காதருகே விரலைச் சொடுக்கி "கேட்கிறதா?" என்று கேட்கிறார்கள். அதிர்வை உணர்ந்தோ கூட்டத்தின் எதிர்பார்ப்பைப் பார்த்தோ அவர் தலையாட்டினால் அரங்கம் ஆர்ப்பரிக்கிறது. மறுநாள் அவருக்கு எப்போதும்போல் எதுவும் கேட்பதில்லை. விசுவாசம் போதவில்லை என்ற பழியும் அவர் தலையில்தான் விழும்.

மாற்கு ஏழாம் அதிகாரத்தில் இயேசு காது கேளாதவரைக் குணமாக்குவதே இதற்கு ஆதாரமாகக் காட்டப்படுகிறது. அந்தப் பகுதியை இன்னொரு விதமாகவும் வாசிக்கலாம். இயேசு அந்த மனிதரை முதலில் கூட்டத்தைவிட்டுத் தனியே அழைத்துப் போகிறார். பிறகு காதில் விரல் வைத்து, நாவைத் தொட்டு, வானத்தை அண்ணாந்து பார்க்கிறார். தான் செய்யப்போவதை அவருக்குப் புரியும் விதத்தில் முதலில் சைகையில் சொல்கிறார் என்று கொள்ளலாம். ஊமையனையும் செவிடனையும் உண்டாக்கினவர் நானல்லவா என்று கர்த்தர் மோசேயிடம் கேட்கும் யாத்திராகமம் 4:11ஐயும் இதோடு சேர்த்து வாசிப்பவர்கள் உண்டு.

காது கேளாமையை மந்திர சக்தியால் குணமாக்குவதாக விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாந்திரீக சிகிச்சைகள் சட்டம் தடுக்கிறது. அதன் அட்டவணையில் காது கேளாமை பெயர் சொல்லியே இடம்பெறுகிறது. பிரார்த்தனை அதில் அடங்குமா என்பது தனி வாதம்.

சட்டம் எங்கே நிற்கிறது?

1. அரசியலமைப்பின் 25ஆவது பிரிவு மதத்தைப் பின்பற்றவும் பரப்பவும் உரிமை தருகிறது. பரப்பும் உரிமையில் இன்னொருவரை மதம் மாற்றும் உரிமை அடங்காது என்று 1977இல் ஸ்டானிஸ்லாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. மாறுகிறவரின் மனசாட்சிச் சுதந்திரம் அப்படியே இருக்கிறது.

2. தமிழ்நாட்டில் 2002இல் கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் வந்தது. 2004இல் திரும்பப் பெறப்பட்டது. வேறு சில மாநிலங்களில் உள்ள சட்டத்தை இங்கே பொருத்திப் பேசுவது குழப்பத்தையே வளர்க்கும். 2021இல் நொய்டாவில் காது கேளாத மாணவர்களை இஸ்லாத்துக்கு மாற்றியதாக எழுந்த வழக்கு உத்தரப் பிரதேசச் சட்டத்தின் கீழ் வந்தது.

3. அரசு உதவி பெறும் அல்லது அரசால் அங்கீகரிக்கப்பட்ட பள்ளியில் படிக்கும் எவரையும், சம்மதமின்றி மதபோதனையில் கலந்துகொள்ள வைக்க முடியாது. மாணவர் சிறார் என்றால் பெற்றோர் அல்லது பாதுகாவலரின் சம்மதம் வேண்டும். இது அரசியலமைப்பின் 28(3) பிரிவு. கிறிஸ்தவ நிர்வாகத்தில் உள்ள காது கேளாதோர் பள்ளிகளுக்கும் பொருந்தும்.

4. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 தரும் 4 சதவீத வேலை இடஒதுக்கீடும் அடையாள அட்டையும் மதத்தைப் பார்ப்பதில்லை. ஆனால் பட்டியல் சாதியினர் கிறிஸ்தவத்துக்கு மாறினால் 1950ஆம் ஆண்டுப் பட்டியல் சாதியினர் ஆணைப்படி அந்த அந்தஸ்தை இழப்பார். தமிழ்நாட்டில் அவர் பிற்படுத்தப்பட்டோர் பிரிவுக்குப் போவார். இந்த விவரத்தை யாராவது அவருக்குச் சைகையில் விளக்கினார்களா என்று கேட்பது நியாயமான கேள்வி.

சம்மதம் எந்த மொழியில்?

மதமாற்றம் பற்றிய விவாதத்தில் "ஆசை காட்டினார்களா, பணம் கொடுத்தார்களா" என்றே தேடுகிறார்கள். காது கேளாதவருக்குக் கிடைக்கும் பெரிய ஈர்ப்பு பணமல்ல, பேச்சு. வாரம் முழுக்க வேலையிடத்தில் தாளில் எழுதிக் காட்டி, வீட்டில் நாலு சைகையோடு முடித்துக்கொண்டு, ஞாயிறன்று நாற்பது பேர் சரளமாகக் கையால் பேசும் அறைக்குள் நுழைந்தால் எவருக்கும் அங்கே திரும்ப வரத் தோன்றும். அங்கே வேலைக் காலியிடம் பற்றித் தெரிகிறது, வரன் தெரிகிறது, ஆஸ்பத்திரிக்கு உடன் வர ஆள் கிடைக்கிறது. இதைச் சதி என்று சொல்வது அபத்தம். அந்தச் சபைக்கு அவர்மேல் செல்வாக்கே இல்லை என்று சொல்வதும் பொய். வேறெங்கும் கிடைக்காத ஒன்றை ஓரிடம் மட்டும் தரும்போது, அங்கிருந்து விலகுவதற்கு அவர் கொடுக்கும் விலை அதிகம்.

அதைக் குறைக்கும் பொறுப்பு பெருமளவு அரசுடையது. தகவலும் நீதியும் கல்வியும் காது கேளாதோருக்கு எட்ட வேண்டும் என்று 2016ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. நடைமுறையில் காவல் நிலையத்திலோ அரசு மருத்துவமனையிலோ அவசரத்துக்குத் தகுதி பெற்ற சைகை மொழிபெயர்ப்பாளர் கிடைப்பது அரிது. அப்போது குடும்பம் யாரைக் கூப்பிடும்? சபையில் மொழிபெயர்க்கும் அதே ஆளைத்தான்.

சிக்கல் இங்கேதான் முற்றுகிறது. ஒருவர் தன் விருப்பப்படி ஞானஸ்நானம் பெறுகிறார், குடும்பம் புகார் கொடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். காவல்துறை அவர் வாக்குமூலத்தைப் பதிவு செய்ய வேண்டும். சபையின் மொழிபெயர்ப்பாளர் வந்தால் வாக்குமூலத்தின் நம்பகத்தன்மையில் கேள்வி எழும். அண்ணனோ மாமாவோ வந்தால், அவர்களே புகார்தாரர்கள், அவர்களுக்குத் தெரிந்ததும் வீட்டுச் சைகை மட்டுமே. இரு தரப்பையும் சேராத, பயிற்சி பெற்ற மூன்றாவது நபர் ஒருவர் வந்து உட்கார்ந்து, பேச்சு முழுவதும் வீடியோவில் பதிவானால்தான் அவர் உண்மையில் என்ன சொன்னார் என்பது தெரியும்.